கோடு விழாத வெளுப்பு

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மவர் மேற்கொண்டிருக்கும் தொழில்கள் பலவற்றுள், செவ்வனே செய்யும்போது எவர் கண்ணிலும் படாததும், சிறிது பிழைத்துவிட்டால் எல்லோர் கண்ணிலும் படுவதுமான தொழில் ஒன்று உண்டு. அதுதான் வெளுப்புத் தொழில். வெளுத்து வந்த வேட்டியில் அழுக்கு இல்லையே என்று யாரும் வியந்து பாராட்டுவதில்லை. ஆனால் அதே வேட்டியில் நீலம் ஒரு கோடாக ஓடியிருந்தால் பத்துப் பேர் சுட்டிக் காட்டுவார்கள். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இன்று பேச எடுத்துக்கொண்டோம். வேட்டியில் விழும் கோடும், பெரிய அலுவலகங்களிலும் ஓட்டல்களிலும் விரித்திருக்கும் கம்பளத்தில் விழும் கோடும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் கொச்சியில் நாம் அறிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டவர்கள். கலைப் பட்டம் பெற்றோமேயன்றி, ரசாயனமோ யந்திர நூலோ கற்றவர்கள் அல்லோம். ஓர் ஆண்டு மழைக்காலத்தில், கொச்சியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கூட்ட மண்டபத்தில் சுவருக்குச் சுவர் விரித்திருந்த கம்பளத்தை வெளுக்க ஏற்பாடாயிற்று. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்திருந்த இருபது வயதுப் பையன். சுழலும் தலையுடைய புதிய யந்திரம் ஒன்றை அவன் கையில் கொடுத்திருந்தார்கள். மாலையில் பார்த்தபோது கம்பளம் புதியதுபோல் இருந்தது. எல்லோரும் திருப்தியுடன் வீடு சென்றோம். மறுநாள் பிற்பகல் வந்து பார்த்தால், வெளிறிய பட்டைகளுக்கு இடையில் மங்கிய பட்டைகள், அங்கங்கே பிறைச்சந்திரன் போன்ற பழுப்பு வளைவுகள். வரிக்குதிரையின் முதுகு போலாகிவிட்டது மண்டபம்.

பையனுக்குக் கூலி கிடையாது என்று தீர்மானித்தார்கள். அவன் அனுபவமற்றவன், அவசரக்காரன் என்பதே எல்லோருடைய அபிப்பிராயமும். நமது அபிப்பிராயமும் அதுவாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்று மாலை அவன் நம்மிடம் வந்தான். யந்திரத்துடன் கொடுத்த ஆங்கிலக் கைப்புத்தகத்தை நீட்டி, "சார், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள். நான் செய்ததில் எது தப்பு என்று தெரிந்தால் போதும். கூலி போனாலும் பரவாயில்லை" என்றான். கூலி போனால் பரவாயில்லை என்று அவன் வாய் சொல்லிற்றேயன்றி முகம் சொல்லவில்லை. மாதந்தோறும் அவன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து ஊரில் தாயும் தங்கையும் இருந்தார்கள்.

புத்தகத்தைப் பிரித்தோம். முதல் பக்கத்திலேயே 'எக்ஸ்ட்ராக்ஷன்' என்ற சொல் வழிமறித்தது. அகராதியின் துணைகொண்டு 'பிரித்தெடுத்தல்' என்று எழுதினோம். அகராதிப்படி அதில் பிழையில்லை. ஆனால் பையன் அதைப் படித்துவிட்டு, "எதிலிருந்து எதைப் பிரிக்க வேண்டும்?" என்று கேட்டபோது, நம்மிடம் விடை இருக்கவில்லை. தொழில் தெரிந்த ஒருவரிடமே இதற்கு விளக்கம் பெற வேண்டும் என்று தோன்றிற்று.

மட்டாஞ்சேரியிலிருந்து மேற்கே சிறிது தூரம் சென்றால், கொச்சிக் கோட்டைப் பகுதியில் வெளி என்னும் இடத்தில் டோபி கானா இருக்கிறது. கொச்சி 1663-இல் டச்சுக்காரர் வசமும், 1795-இல் ஆங்கிலேயர் வசமும் சென்றது. ஐரோப்பியப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்ச் சீமையிலிருந்து தம் முன்னோர்கள் கொண்டுவரப்பட்டதாக இங்குள்ள வண்ணார் சமூகத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். முன்னர்க் குளக்கரைகளில் நடந்துவந்த தொழிலுக்கு 1976-ஆம் ஆண்டில் நிலையான கட்டடம் ஒன்று அமைந்தது. வரிசையாகத் துவைக்கும் அறைகள், ஒவ்வொன்றிலும் தொட்டியும் கல்லும், வெளியே உலர்த்துவதற்கு விசாலமான திடல் என்று அமைந்த இடம் அது. தலைமுறைகள் பல கடந்தும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களை அங்கே காணலாம். கவ்விகள் எவையும் இன்றி, இரட்டையாக முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி உலர்த்தும் அவர்களுடைய கைவழக்கம் பார்க்கத்தக்கது. காற்று எவ்வளவு வீசினாலும் துணி விழுவதில்லை. அதன்மேல் கவ்வியின் தடமும் விழுவதில்லை.

அங்கே கஞ்சி போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பையனை அழைத்துச் சென்றோம். அவர் கம்பள யந்திரத்தைக் கண்டவர் அல்லர். நடந்ததை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பையனைப் பார்த்து, "தம்பி, தண்ணீர் விட்டாயே, பிழிந்தாயா?" என்றார் அவர்.

பையன் விழித்தான். "கம்பளத்தை எப்படித் தாத்தா பிழிவது?"

"நீ பிழிய வேண்டாம். உன் யந்திரம் பிழியும் என்கிறாயே, அதைப் பிழிய விட்டாயா என்றுதான் கேட்கிறேன். தண்ணீர் விடுவது யாரும் செய்யக்கூடிய காரியம். விட்ட தண்ணீரைத் திரும்ப வாங்குவதுதான் வெளுப்பு."

நாம் தேடிய சொல் அங்கே கிடைத்துவிட்டது. 'பிரித்தெடுத்தல்' என்று எழுதியதை அடித்துவிட்டுப் 'பிழிந்தெடுத்தல்' என்று எழுதினோம். அதன் பிறகு புத்தகத்தின் மற்றப் பக்கங்கள் தாமே பொருள் விளங்கத் தொடங்கின.

கோடு ஏன் விழுகிறது? முதியவர் நீலத்தை வைத்து விளக்கினார். வெள்ளைத் துணிக்குப் போடும் அல்ட்ராமரைன் நீலம் நீரில் கரைவதில்லை. மிக நுண்ணிய தூளாக மிதந்து, சற்று நேரம் சென்றால் அடியில் படிந்துவிடும். நீரைக் கலக்காமல் துணியை இட்டால் அடியில் தொட்ட பாகம் திட்டாகும். மடிப்போடு இட்டால் மடிப்பு வழியே கோடாகும். பாதி நனைந்த துணியைத் தொட்டியின் விளிம்பில் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனால், நீர் நின்ற எல்லையில் கறை ஏறும். இன்னொரு வகை நீலமும் ஒரு காலத்தில் மேல்நாடுகளில் பெரிதும் வழங்கிற்று. பிரஷ்யன் நீலம் என்னும் அது இரும்புச் சத்து உடையது. சோப்பையும் சோடாவையும் நன்றாக அலசிப் போக்காத துணியில் அதைப் போட்டால், எஞ்சிய காரம் அதைச் சிதைத்து இரும்புத் துருவின் நிறத்தைக் கொண்டுவந்துவிடும். வெளுக்கப் போட்ட துணி துருப்பிடித்துத் திரும்பும். ஆக, கறைக்கு மூலம் அழுக்கு மட்டும் அன்று. அழுக்கைப் போக்க நாம் இட்ட பொருள் போகாமல் தங்குவதும் கறையே ஆகிறது.

இதே நியாயம்தான் கம்பளத்துக்கும். விளக்குத் திரியை நினைத்துப் பாருங்கள். மேல்முனையில் எண்ணெய் எரிய எரிய, கீழே உள்ள எண்ணெய் திரி வழியே ஏறிவருகிறது. கம்பளத்தின் ஒவ்வோர் இழையும் அவ்விதமான ஒரு திரியே. நுனியில் நீர் ஆவியாகப் போகப் போக, அடியில் தங்கிய நீர் மேலேறுகிறது. அது வெறுங்கையுடன் ஏறுவதில்லை. அடியில் கிடந்த மண், சவுக்காரத்தின் எச்சம், சணல் அடித்தளமாயின் அதிலுள்ள பழுப்புச் சாயம் ஆகிய அனைத்தையும் சுமந்து வந்து நுனியில் இறக்கிவைத்துவிட்டு, தான் மட்டும் காற்றோடு போய்விடுகிறது. மாலையில் இல்லாத கோடு மறுநாள் தோன்றும் மர்மம் இதுவே. எங்கே நீர் மிகுதியாகத் தங்கிற்றோ அங்கே பழுப்பு மிகுதியாக ஏறும். பையன் அழுக்கைக் கண்டு கவலைப்பட்டு, அழுக்கு மிகுந்த இடத்தில் மேலும் மேலும் நீரைப் பாய்ச்சியிருந்தான். அவனுடைய சிரத்தையே அவனுக்கு எதிரியாகிவிட்டது.

யந்திரத்தைப் பற்றியும் சில சொற்கள். காற்றை உறிஞ்சித் தூசியை வாங்கும் கருவியை லண்டனில் 1901-இல் ஹியூபர்ட் செசில் பூத் என்பவர் அமைத்தார். அது வண்டியிலேற்றித் தெருவில் நிறுத்தும் அளவுக்குப் பெரியது. நீண்ட குழாய்களை ஜன்னல் வழியே வீட்டுக்குள் விட்டுத் தூசியை வாங்குவார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவை முன்னிட்டு, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளத்தை அக்கருவி கொண்டு சுத்தம் செய்தார்கள். பிற்காலத்தில் சுடுநீரைப் பீய்ச்சி அதே மூச்சில் உறிஞ்சும் யந்திரங்கள் வந்தன. அவற்றுள் ஒரு வகைதான் சுழல்தலை யந்திரம். வட்டமான அதன் அடிப்பாகத்தில் நீரைப் பீய்ச்சும் சிறு துளைகளும், பீய்ச்சிய நீரை உறிஞ்சும் வாய்களும் அமைந்திருக்கும். தலை சுழலும்போது ஒவ்வோர் இழையையும் எல்லாத் திசைகளிலிருந்தும் நீர் தொடுகிறது, உடனே உறிஞ்சுவாய் வந்து அதைப் பிழிகிறது. நேர்க்குழல் கொண்டு முன்னும் பின்னும் இழுக்கும் முறையை விட இது ஆழமாக வேலை செய்யும். ஆனால் கையாள்பவர் ஓரிடத்தில் தயங்கினால் அங்கே பிறை வடிவில் நீர் தேங்கும். விரைந்து ஓடினால் நீர் மட்டும் இறங்கும், பிழிதல் நிகழாது.

இத்தொழிலில் இருக்கும் நேயர்களுக்குப் பயன்படும் பொருட்டு, புத்தகத்திலிருந்தும் முதியவரிடமிருந்தும் நாம் சேகரித்த முறைகளை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, நீர் தொடுமுன் உலர்ந்த தூசியை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். கம்பளத்திலுள்ள அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் மணலுமே. நீர் பட்டால் அது சேறாகும். மக்கள் நடமாடும் வழியில் நிதானமாகப் பலமுறை இழுக்க வேண்டும். இதில் அரை மணி நேரம் மிச்சம் பிடித்தவன் மறுநாள் முழுவதையும் இழப்பான்.

இரண்டாவது, யந்திரத்தின் நீர்த்துளைகளைச் சோதிக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் ஒரு முறை பீய்ச்சிப் பார்த்தால் எந்தத் துளை அடைபட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். உப்பு நீரும் கடின நீரும் உள்ள ஊர்களில் துளைகளில் சுண்ணாம்பு படியும். ஒரு துளை அடைபட்டால் மற்றவை பீய்ச்சும் இடத்துக்கும் அது விட்ட இடத்துக்கும் வித்தியாசம் உண்டாகி, ஒரே அளவான மெல்லிய வளைவுகள் தோன்றும். உறிஞ்சுவாயில் நூலும் மயிரும் சிக்கியிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூன்றாவது, அழுக்கு நீக்கும் கரைசலை முன்கூட்டித் தெளிக்கும்போது எங்கும் ஒரே அளவாகத் தெளிக்க வேண்டும். மண்டபத்தின் உட்கோடியில் தொடங்கி வாயிலை நோக்கி வர வேண்டும். தெளித்தபின் பத்து நிமிஷம் ஊற விடலாம், உலர விடலாகாது. ஒரே நேரத்தில் மண்டபம் முழுவதும் தெளித்துவிட்டால், கடைசிப் பகுதிக்கு யந்திரம் வருமுன் அது காய்ந்து கோடாகிவிடும். ஆகையால் பகுதி பகுதியாகச் செய்வதே உசிதம். சவுக்காரத்தை அதிகம் கலந்தால் அதிகம் வெளுக்கும் என்று எண்ணுவது பெரும்பிழை. எஞ்சிய சவுக்காரம் பிசுபிசுப்பாகி, நடப்பவர் காலிலுள்ள தூசியைப் பற்றிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துத் தோன்றும் கோடுகளுக்குக் காரணம் இதுவே.

நான்காவது, யந்திரத்தை ஓட்டும் விதம். இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஊசலாட்டி, மெல்லப் பின்னோக்கி நகர வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின்மேல் பாதியளவு படிய வேண்டும். யந்திரம் நகரத் தொடங்கிய பின்னரே நீரைத் திறக்க வேண்டும், நிற்பதற்கு முன்னரே அதை மூட வேண்டும். நின்ற இடத்தில் நீர் திறந்திருந்தால் பிறை விழும். நீருடன் ஒரு முறை சென்றால், நீரை மூடிவிட்டு வெறும் உறிஞ்சலுடன் இரண்டு முறையேனும் அதே வழியில் செல்ல வேண்டும். அழுக்கு விடாத இடத்தில் குறுக்குத் திசையிலும் செல்லலாம். முதியவர் சொன்ன 'பிழிதல்' இதுதான். பையன் நீருடன் மூன்று முறை சென்றிருந்தான், நீரின்றி ஒரு முறையும் செல்லவில்லை.

ஐந்தாவது, பிழிந்தாயிற்றா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. வெள்ளைத் துண்டு ஒன்றைக் கம்பளத்தின்மேல் இட்டு, அதன்மேல் நின்று பாருங்கள். துண்டு சற்றே ஈரமானால் சரி. நனைந்து கனத்தால் இன்னும் பிழிய வேண்டும். துண்டில் பழுப்பு ஏறினால் இன்னும் அலச வேண்டும். எஞ்சிய காரத்தை முறிக்க, கடைசி நீரில் மிக மெல்லிய புளிப்புச் சேர்ப்பது வழக்கம். சணல் அடித்தளம் உள்ள கம்பளங்களில் பழுப்பு ஏறாமல் தடுக்கவும், ஏறியதை ஓரளவு மீட்கவும் இது உதவும். எலுமிச்சைச் சத்தான சிட்ரிக் அமிலமோ வினிகரோ இதற்குப் பயன்படும். ஆனால் எதையும் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே பரவலாக இட வேண்டும்.

ஆறாவது, உலர்த்தல். வறண்ட ஊரில் சில மணி நேரத்தில் உலரும் கம்பளம், ஆடி மழையில் கொச்சியில் அவ்வாறு உலராது. காற்றே ஈரமாக இருக்கையில் ஜன்னலைத் திறந்து வைப்பதனால் பயன் இல்லை. மின்விசிறிகளைத் தரையோடு தரையாக வீசும்படி வைத்து, குளிர்சாதனம் இருப்பின் அதையும் இயக்க வேண்டும். ஒரு நாளைக்கு மேல் ஈரம் தங்கினால் பூஞ்சையும் நாற்றமும் சேரும். உலருமுன் மேஜை நாற்காலிகளை வைக்க நேர்ந்தால், கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டுகளை இட வேண்டும். இல்லையேல் மரத்தின் சாயமும் இரும்பின் துருவும் கம்பளத்தில் வட்டமிடும்.

ஏழாவது, ஈரம் முற்றும் போகுமுன் நீண்ட பற்கள் உள்ள வாரியால் இழைகள் அனைத்தையும் ஒரே திசையில் சீவிவிட வேண்டும். கோடு என்று நாம் காண்பதில் ஒரு பகுதி அழுக்கே அன்று. இழைகள் வேறு வேறு பக்கம் சாய்ந்திருப்பதால் வெளிச்சம் வேறாகப் படுகிறது, அவ்வளவே. கையால் எதிர்ப்புறம் தடவிப் பாருங்கள். மறைந்தால் அது சாய்வு. மறையாவிட்டால் அது கறை. தடவிப் பார்க்காமலேயே தொழிலாளியைக் குற்றம் சாட்டுபவர் அநேகர்.

எல்லாக் கம்பளத்துக்கும் இந்த யந்திரம் ஆகும் என்று எண்ணிவிடலாகாது. கேரளத்தின் சொந்தச் சரக்கான கயிற்றுப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1859-இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் முதல் தொழிற்சாலையை நிறுவியதிலிருந்து தென்னை நார் விரிப்புகள் உலகெங்கும் சென்றன. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கயிறு வாரியத்தின் தலைமையகமும் கொச்சியிலேயே இருக்கிறது. தென்னை நாரில் லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுதி. காரமும் சுடுநீரும் சேர்ந்தால் அது பழுப்பைக் கக்கும். ஆகவே கயிற்று விரிப்பை உதறி, தட்டி, தூசியை உறிஞ்சி, தேவைப்பட்டால் ஈரத்துணியால் லேசாகத் துடைத்து விரைவில் உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கையால் முடிந்த பழங்கம்பளங்களும் அத்தகையவையே. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தில், 18-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான தரையோடுகளைப் பார்க்க வருவோர் பலர். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி அளித்ததாகச் சொல்லப்படும் கைம்முடிக் கம்பளம் ஒன்றும் அங்கே உண்டு. இத்தகைய பொருள்களில் சாயம் கசியக்கூடும். யந்திரத்தை அவற்றின் அருகிலும் கொண்டுபோகாமல், அதற்கென்று கற்றவரிடம் விடுவதே அறிவுடைமை.

இனி, பையன் கதைக்கு வருவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அனுமதி பெற்று, அவன் மண்டபத்தில் மறுபடியும் இறங்கினான். நாம் புத்தகத்தின் தமிழைப் படித்துக்கொண்டிருந்தோம். அவன் நீர்த்துளைகளைச் சோதித்தபோது ஆறில் ஒன்று அடைபட்டிருக்கக் கண்டான். சவுக்காரம் இல்லாமல், சிறிது புளிப்புச் சேர்த்த நீரில் அலசி, பிழிந்து, பிழிந்து, துண்டிட்டுப் பார்த்து, வாரினான். இரவு முழுவதும் விசிறிகள் ஓடின. திங்கட்கிழமை காலையில் பிறைகள் மறைந்திருந்தன. பட்டைகளும் மறைந்திருந்தன. வாயிலருகில் ஒரு மங்கிய பாதை மட்டும் எஞ்சிற்று. பல்லாண்டு காலடியில் இழையே தேய்ந்துபோன பாதை அது. அதை எந்த யந்திரமும் மீட்காது என்று அவனே அதிகாரியிடம் எடுத்துச் சொன்னான். அவன் அப்படித் தெளிவாகச் சொன்னது நமக்கு அவன் வெளுத்ததை விடவும் பெரிதாகப் பட்டது. கூலி இரண்டு வாரம் பிந்தி வந்தது. ஆனால் குறையாமல் வந்தது.

நேயர்களே, நம்மவர் எத்தனையோ ஊர்களில், தம் மொழியில் எழுதப்படாத கைப்புத்தகங்களை வைத்துக்கொண்டு, தம் மொழியில் பெயரில்லாத யந்திரங்களை இயக்கி வருகிறார்கள். பிழை நேர்ந்தால் பழி யந்திரத்தின்மீதோ புத்தகத்தின்மீதோ விழுவதில்லை. கடைசியில் கைப்பிடியைப் பிடித்திருந்தவர் மீதே விழுகிறது. படித்தவர்கள் என்று பெயர் எடுத்த நம்மால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. அத்தகைய ஒருவர் காகிதத்தை நீட்டினால், அகராதிச் சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்றிராமல், அவர் கைக்கு விளங்கும் சொல்லை, அந்தக் கைத்தொழிலில் தேர்ந்தவரிடம் கேட்டேனும் தேடித் தரலாம்.

டோபி கானாவின் முதியவரிடம் நன்றி சொல்லச் சென்றபோது, அவர் பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இப்போது பிழிகிறாயா?" "பிழிகிறேன், தாத்தா" என்றான் அவன். அவர் தலையை அசைத்துவிட்டு, வானத்தில் மேகம் திரள்வதைக் கண்டு, கயிற்றிலிருந்த துணிகளை உருவுவதற்கு எழுந்து சென்றார். நாங்களும் உடன் சென்று சிறிது உதவினோம்.